ஜீப்பை எடைக்குப் போட வேண்டாம், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பட்டறை இடத்தை விலை பேசி முடித்துவிட்டதாக அம்மா போனில் சொன்னார். உங்கள் முழங்காலுக்கு இனி அந்த வேலை ஆகாது என்று எனக்கும் தெரியும்; அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்பக்கக் கொட்டகையில் நிற்கும் ஜீப்பையும் இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்டதும் மனம் ஆறவில்லை. போனில் பேசினால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பழைய வண்டியை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கும் வேறு சிலரும் படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மீண்டும் சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனேன். இங்கே ஜெர்மனியில் ஏ6 நெடுஞ்சாலையில் போகும்போது, வயல்களுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் கூரைமேல் இரண்டு விமானங்கள் மூக்கைத் தூக்கி நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். ஒன்று கான்கார்ட். இன்னொன்று ரஷ்யர்களின் டுபலேவ் 144. ஒலியைவிட வேகமாகப் பயணிகளை ஏற்றிச்சென்றவை இந்த இரண்டு வகை விமானங்கள் மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க உலகத்தில் இந்த ஓர் இடம்தான் இருக்கிறது. ரஷ்ய விமானம் 1968 டிசம்பர் 31 அன்று முதலில் பறந்தது, கான்கார்ட் இரண்டே மாதம் கழித்து 1969 மார்ச் 2 அன்று. படியேறி இரண்டுக்குள்ளும் போகலாம். மேலே கிளம்பும் கோலத்தில் நிறுத்தியிருப்பதால் உள்ளே தரை ஏற்றமாக இருக்கும். மலைக்கோயில் படி ஏறுவதுபோல முன்னால் சாய்ந்துதான் நடக்க வேண்டும். கான்கார்டின் ஜன்னல் ஓர் உள்ளங்கை அளவுதான். பறக்கும்போது காற்று உரசும் சூட்டில் அதன் உடல் ஒரு சாண் அளவுக்கு நீளுமாம். தகடு சூட்டில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நீட்சியைக் கணக்கில் வைத்து ஆணி அடித்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் நான் அங்கே அதிக நேரம் நின்றது விமானத்தின் முன்னால் இல்லை, மாமா. கீழே கூடத்தில் புரூட்டஸ் என்று ஒரு வண்டி இருக்கிறது. தீயணைப்பு வண்டி செய்த அமெரிக்கன் லாஃபிரான்ஸ் நிறுவனத்தின் நூறாண்டுக்கு முற்பட்ட சேஸின், அதாவது அடிச்சட்டத்தின் மேல், விமானத்துக்காகச் செய்த பி.எம்.டபிள்யூ. என்ஜினை ஏற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு சிலிண்டர், 46.9 லிட்டர். நம் ஜீப்பின் என்ஜினைப் போலக் கிட்டத்தட்ட இருபதை ஒன்றாகக் கட்டியதற்குச் சமம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்சக்கரங்களுக்கு இழுவை சங்கிலி வழியாகப் போகிறது. ஒவ்வொரு கண்ணியும் என் கட்டைவிரலைவிடத் தடிமன். எந்தத் தொழிற்சாலையும் இப்படி ஒரு வண்டியை விற்கவில்லை. அருங்காட்சியகத்துப் பட்டறை ஆட்களே வருடக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த வண்டி இது.

முன்பு ஒரு முறை இதை ஓட்டிக் காட்டியபோது நான் இருந்தேன். கிளம்பியதும் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல இருந்தது. புகைபோக்கிகளின் வாயில் நெருப்பு எட்டிப் பார்த்தது. ஓட்டுபவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மேலே கூரையில்லாமல், எதிரே தடுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சட்டென்று நம் கரூர் பைபாஸ்தான் ஞாபகம் வந்தது. கூண்டு கட்டுவதற்காக வெறும் சேஸை ஓட்டிக்கொண்டு வரும் டிரைவர்கள் முகத்தில் துண்டைச் சுற்றி, வெயிலில், ஒற்றை இருக்கையில் அப்படித்தானே வந்து உங்கள் வாசலில் இறங்குவார்கள்!

அந்த என்ஜின் விமானத்தின் விசிறியைச் சுழற்றப் பிறந்தது. அந்த சேஸ் வேறு என்ஜினுக்காகப் பிறந்தது. இரண்டையும் யாரோ இணைத்தார்கள் அல்லவா, அந்த இணைப்பைத்தான் குனிந்து குனிந்து தேடினேன். காரணம் நீங்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும். மிலிட்டரி ஏலத்தில் வந்த அந்த ஜீப்பின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, அடிபட்ட ஒரு மேட்டடார் வேனின் டீசல் என்ஜினை ஏற்றினீர்கள். கியர்பாக்ஸும் என்ஜினும் ஒன்றோடொன்று சேரவில்லை. பழைய காலண்டர் அட்டையை என்ஜின் முகத்தில் வைத்து, கிரீஸ் தோய்ந்த விரலால் ஒத்தி ஒத்தி போல்ட் துளைகளைப் படியெடுத்தீர்கள். அதே அட்டையைத் திருப்பி கியர்பாக்ஸ் பக்கமும் ஒத்தினீர்கள். அட்டையில் முருகன் படத்தின் மேல் இரண்டு வட்டம் கறுப்பாக விழுந்திருந்தது. அதை வைத்து லேத்தில் நீங்கள் கடைந்த தட்டு இன்றும் அந்த ஜீப்புக்குள் இருக்கிறது. அந்த என்ஜின் மெர்சிடிஸ் உரிமத்தில் நம் நாட்டில் செய்யப்பட்டது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் தினமும் வேலைக்குப் போகும் ஸ்டுட்கார்ட்தான் அதன் தாய்வீடு.

இன்னொரு வண்டியும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சிற்றூர்ச் சந்தைத் திடலில் பழைய வண்டிகள் கூடியபோது மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 பார்த்தேன். போர் முடிந்த பின் ஜெர்மனியில் விமானம் செய்யக்கூடாது என்று தடை. போர் விமானம் செய்த அந்த நிறுவனம் 1955இல் மூன்று சக்கரத்தில் இந்தக் காரைக் கொண்டுவந்தது. மேலே விமானியின் கூண்டுபோலக் கண்ணாடி மூடி, ஒருவர் பின் ஒருவராக இருக்கை, 191 சி.சி. என்ஜின். பின்னால் போகத் தனி கியர் கிடையாது. வைத்திருந்த பெரியவர் என்ஜினை நிறுத்தி, சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தித் திரும்பக் கிளப்பினார். என்ஜின் எதிர்த் திசையில் சுழன்றது. நான்கு கியரும் பின்னோக்கியும் கிடைக்கும்! சென்னையில் மோட்டார் பொருத்திய மூன்று சக்கர மீன்பாடி வண்டியைப் பார்த்து "மூளைக்காரன் வேலைடா இது" என்று நீங்கள் நின்றது ஞாபகம் வந்தது. 1970இல் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய புளூ ஃபிளேம் ராக்கெட் காரும் சின்ஸ்ஹைமில்தான் நிற்கிறது. அது என்னை இவ்வளவு தொடவில்லை.

நம் நாட்டில் ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்கிறது. என்ஜின் மாறிய நம் ஜீப் அதற்குள் வராது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நம் ஊரில் வண்டிகள் பிழைத்ததே இப்படி மாற்றி மாற்றித்தான். கரூரில் ஒரு மனிதர் காலண்டர் அட்டையை வைத்து என்ன செய்தார் என்பதற்கு அந்தத் தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தராசில் அது எத்தனை கிலோ வரும், மாமா?

தை மாதம் மூன்று வாரம் விடுப்பில் வருகிறேன். அதுவரை அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஜீப்பைத் தள்ளி நிறுத்தச் சொல்லி அவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். டயர் தரையில் படாமல் நான்கு பக்கமும் கட்டை கொடுத்துவிடுங்கள். டாங்கில் டீசல் இருந்தால் வடித்துவிடுங்கள். புகைக்குழாய் வாயில் எலி புகாமல் துணி அடைக்க வேண்டும். இரும்புக் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று சொல்லுங்கள், இன்றே அனுப்புகிறேன். அந்த லேத்தையும் அதன் கடைசல் உளிகளையும் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்