எல்லோரும் ஆற்றுக்குப் போங்கள்

பாரிஸ்,
ஜனவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

பாண்டி மாமாவிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதமும் வடகமும் நேற்று வந்து சேர்ந்தன. நான் சுகம். வடகம் ஒன்றுகூட உடையவில்லை. ராத்திரியே ஒன்றை உதிர்த்து நல்லெண்ணெயில் தாளித்துக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். இங்கே கடைகளில் ‘வடுவான்’ என்று பொடியாக விற்கிறார்கள். நம் மொட்டைமாடி வெயிலில் காய்ந்த வாசனை அதில் வரவே வராது.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் எட்டரைக்கு மேல்தான் விடிகிறது. ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு போர்வை போர்த்திக்கொள்கிறேன், அந்தச் சூட்டுக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

எதிர் வீட்டுப் பாட்டியம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்து முறைப்பாரே, அவர் 6ஆம் தேதி என் கதவைத் தட்டினார். அன்றைக்கு இவர்களுக்கு மூன்று ராஜாக்கள் திருநாள். கலெத் என்று ஒரு வட்டமான பலகாரம் செய்கிறார்கள். அடுக்கடுக்கான மாவு, நடுவில் பாதாம் விழுது, அதற்குள் ஒரு குட்டிப் பீங்கான் பொம்மை. வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். பொம்மை யாருக்கு வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். இந்த முறை அது பேத்திக்கே வந்தது. ஆட்களை எண்ணி வெட்டிவிட்டு, எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு துண்டு தனியாக வைப்பது பழைய வழக்கமாம். அந்தத் துண்டைத்தான் எனக்குக் கொடுத்தார். ஆற்றுக்குப் புளிச்சோறு கட்டும்போது, “யாராவது வந்தா” என்று நீ இரண்டு கை கூடப் போடுவாயே, அது ஞாபகம் வந்து எனக்குச் சட்டென்று சாப்பிட முடியவில்லை.

அம்மா, இந்தத் தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு ஆல்பேட்டைக்குப் போகப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். சித்தப்பா வீட்டில் பொங்கலும் தனியாக வைக்கப்போகிறார்களாம். அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. ஊரூராகச் சாமிகள் தீர்த்தவாரிக்குப் பெண்ணையாற்றுக்கு வந்து நிற்கும், நாம் மணலில் வட்டமாக உட்கார்ந்திருப்போம். அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த வருஷத்தில்கூட ஆயா ஒரே குண்டானிலிருந்து உருட்டி உருட்டி இருவர் கையிலும் வைத்தாள். வாங்கிச் சாப்பிட்டார்களே! திரும்பும்போது சித்தப்பாதான் சுருளிக்கிழங்கு வாங்கி, எடை சரியாகப் போடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, பாதியை அப்பா பையில் போட்டார். கொஞ்ச நாளில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆயா இல்லாத வீட்டில் அந்தக் குண்டானை இனி நீதான் எடுக்க வேண்டும்.

பாகப்பிரிவினை நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வடக்குப் பக்க வழியைச் சித்தப்பாவுக்கே விட்டுவிடச் சொல். நாலடிதானே. பின்கட்டு மனையில் என் பங்கென்று எதையும் பேச வேண்டாம். பத்திரப் பதிவு தை கடைசிக்குப் போகட்டும், ஆற்றுத் திருவிழாவுக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். நீயே நேரில் போய்ச் சித்தியைக் கூப்பிடு, ஆள் விட்டுச் சொன்னால் வர மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவிடம் பேசுகிறேன்.

பொங்கலுக்கு வர லீவு கிடைக்கவில்லை. நீங்கள் காலை 6 மணிக்குப் பானை வைக்கும்போது இங்கே ராத்திரி ஒன்றரை. விழித்திருப்பேன், தம்பியை வீடியோ காலில் கூப்பிடச் சொல். லா ஷப்பலில் ஈழத்துக்காரர் கடையில் கரும்பு வந்திருக்கிறது, ஒரு துண்டு வாங்கிக்கொள்வேன்.

இந்த மாதப் பணம் 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும். நகைக் கடன் வட்டியை மட்டும் தம்பி இப்போதைக்குக் கட்டட்டும், நான் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அப்பா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று எழுது.

தபாலில் போட்டால் தைக்குள் வராது. அதனால் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புகிறேன். உனக்குப் படித்துக் காட்டிவிட்டு, பாகம் பற்றி எழுதியதை மட்டும் அப்பாவிடமும் காட்டச் சொல்.

அன்பு மகன்