நம் பிள்ளைகளை வைத்து எடுத்த ஆய்வு நம் கைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று நாளிதழ்கள் எல்லாம் முதல் பக்கத்தில் போடுகின்றன. அது இருக்கட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் வருகிறதா, அங்கன்வாடியில் மூன்று வயதுக் குழந்தைக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித் தர நேரம் இருக்கிறதா என்பதைத் தமிழ்நாட்டு ஊர்களுக்கே வந்து பார்த்து எழுதிய நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பாடம் நடத்துகிறவர்களுக்கும் பெற்றோருக்கும்தான் அவை போய்ச் சேருவதில்லை.

கொரோனா காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் நம் கிராமப்புறங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் மொழியில் பெரிய பின்னடைவு, கணக்கில் அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த நம் ஊர்ப் பெண்களின் உழைப்பு அது! அதிகம் இழந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், மீட்சி வேகமாக இருந்ததும் அவர்களிடம்தான். அந்தத் தன்னார்வலர்களில் எத்தனை பேரிடம் யாராவது போய் இதைச் சொல்லியிருப்பார்கள்?

அடுத்தது அங்கன்வாடி. எனக்கு இதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் கணக்கு எழுத வேண்டும், பதிவேடு, செல்போனில் பதிவு, இடையில் வேறு வேலைகளுக்கும் கூப்பிடுவார்கள், இதற்கு நடுவில் முன்பருவக் கல்வி என்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் அந்த அம்மா எங்கே போவார்? சரி, பாடம் சொல்லித்தர மட்டும் அரை நாளைக்கு இன்னொருவரைப் போட்டால் என்ன ஆகும் என்று தமிழக அரசின் ஒத்துழைப்போடு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் கூடுதல் ஆள், மற்றவற்றில் பழையபடியே. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், கூடுதல் ஆள் இருந்த இடங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது, மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதோடு வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளும் குறைந்திருந்தார்கள். பழைய பணியாளருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததல்லவா, அதனால்தான். செலவைவிடப் பலன் பல மடங்கு என்கிறது ஆய்வு.

மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஆள் போட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஊட்டச்சத்துக் குறைபாடு அதிகமுள்ள வட்டாரங்களில் தொடங்கலாம். கட்டடத்துக்கும் வண்ணம் பூசுவதற்கும் பணம் ஒதுக்கும்போது, நம் மண்ணிலேயே சோதித்து நல்ல பலன் தந்த ஒன்றுக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது உறுப்பினர்கள் கேட்க வேண்டும். ஒரு திட்டத்தை விரிவாக்கினாலும் சரி, சுருக்கினாலும் சரி, எந்த ஆய்வைப் பார்த்து அப்படி முடிவெடுத்தார்கள் என்பது அரசாணையிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம், இந்த ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில், பொருளாதாரப் பேராசிரியர்களுக்காக எழுதப்பட்டவை. பள்ளிக்கல்வித் துறை இவற்றை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக்கி ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வாசிக்கச் சொல்லலாம். நீங்களும் உங்கள் நாளிதழில் வாரம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஊரில் என்ன சோதித்தார்கள், என்ன கிடைத்தது, அரசு அதை வைத்து என்ன செய்தது என்று எளிய தமிழில் போட்டாலே போதும். எழுதித் தர என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திண்டிவனம்