திருவாதிரைக்கு ஒரு நோட்டு

அன்புள்ள கண்ணுவுக்கு,

இத்தனை பெரிய பிரபஞ்சத்தில் தினம் ஆபீஸ் போய் வந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தாய். கோடி நட்சத்திரக் கணக்கு சொல்லி உன்னை மலைக்க வைக்க மாட்டேன். மலைப்பு ரெண்டு நாளில் வடிந்துவிடும். ஒரே ஒரு நட்சத்திரத்தை எடுத்து அளக்கப் பழகு. ஓரியன் கூட்டத்தில் சிவப்பாகத் தெரியும் திருவாதிரை (பீட்டல்ஜூஸ்) போதும். பெங்களூரு மொட்டைமாடியிலிருந்தே தெரியும், டெலஸ்கோப் வாங்காதே.

அதன் வெளிச்சம் சுமார் 400 நாள் சுற்றில் ஏறி இறங்கும். வழக்கமாக 0.5 வாக்கில் இருக்கும் அதன் பிரகாச எண், 2020 பிப்ரவரியில் 1.6க்குப் போனது. (எண் கூடினால் மங்கல். தலைகீழ்க் கணக்குதான்.) அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தையே மறைத்துவிட்டது.

ஜனவரிக் கடைசியில் இரவு ஒன்பதரைக்கு மாடி ஏறு. போனைக் கீழேயே வைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டில் நில். திருவாதிரைக்குக் கிழக்கே புரோசியான், 0.4. மேற்கே ரோகிணி, 0.9. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து பங்காக்கு. திருவாதிரை புரோசியானைவிட இரண்டு பங்கு மங்கல் என்று பட்டால் 0.6 என்று எழுது.

முதலில் சறுக்குவது கண்தான். சிவப்பு நட்சத்திரத்தை முறைத்துப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதுபோலத் தோன்றும். சட்டென்று பார்த்துப் பார்வையை எடுத்துவிடு. அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்று வெளிச்சத்தைத் தின்னும், அதனால் மூன்றும் உயரே வந்தபின் பார். எல்லாவற்றையும்விட மோசம், நேற்றைய எண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டு இன்றையதை எழுதுவது. பார்த்த நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து உலக நேரமாகக் குறி; நள்ளிரவு தாண்டிப் பார்த்தால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும்.

மாறும் நட்சத்திரங்களுக்காக அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய ஏ.ஏ.வி.எஸ்.ஓ. சங்கம், யார் அனுப்பினாலும் இந்த எண்களை வாங்கிச் சேர்க்கிறது. இன்றைய பங்களாதேஷில் இருக்கும் யசோர் ஊரில் கருவூல குமாஸ்தாவாக இருந்த ராதா கோபிந்த சந்திரா அவர்களுக்கு 37,000க்கு மேல் அனுப்பினார். பகலில் அவருக்கும் ஆபீஸ்தான்.

மே நடுவில் திருவாதிரை சூரிய வெளிச்சத்தில் மறையும். ஜூலையில் விடியற்காலைக் கிழக்கில்தான் திரும்ப வரும். அந்த நாட்களுக்கு எதையும் ஊகித்து எழுதாதே, பக்கத்தைக் காலியாகவே விடு.

அன்புடன்,
அம்மா