கையால் செய்த பைப்பில் அச்சுக் கோடு எப்படி வந்தது?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர், கிருஷ்ணகிரி.
பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
நாள்: 14.06.2025
பொருள்: கையால் செய்த பிரையர் மரப் பைப் (புகையிலை புகைக்கும் குழாய்) என்று விற்ற பொருளின் குறைபாடுகள் - முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

வணக்கம். மே 19ஆம் தேதி ரூ.8,750 கட்டித் தங்களிடம் ஒரு பைப் வாங்கினேன். 26ஆம் தேதி கைக்கு வந்தது. பெட்டி நன்றாக இருந்தது, வெல்வெட் பையும் நன்றாக இருந்தது. குறை எல்லாம் பைப்பில்தான்.

ஓசூரில் 31 வருடம் பிளாஸ்டிக் மோல்டு (வார்ப்பு அச்சு) செய்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் பைப் வைத்திருந்தார். ஒரு நாள் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வாய்க்குழலும் மரமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. அந்த வேலைப்பாட்டுக்காகத்தான் இத்தனை வருடம் கழித்து ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். புகைப்பது நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. என் மனைவி அதைப் பற்றிச் சொல்வதைக் கடிதத்தில் எழுத முடியாது.

முதலில் வாய்க்குழல். 'எபோனைட் தகட்டிலிருந்து கையால் அறுத்து அரம் போட்டது' என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எபோனைட் என்பது ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது. அரம் போட்டால் கந்தக நெடி வரும். இதில் ஓரமாக லேசாக அரம் போட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக் சீப்பு தீய்கிற வாடைதான் வந்தது. அதைவிடப் பெரிய சாட்சி, குழலின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் மயிரிழைக் கோடு. அதற்குப் பெயர் பார்ட்டிங் லைன். மோல்டின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் விழுவது. 31 வருடம் அந்தக் கோட்டை மறைக்கத்தான் சம்பளம் வாங்கினேன், அதனால் எனக்கு அது நன்றாகவே தெரியும். கையால் அறுத்த பொருளில் அது வர வழியே இல்லை.

அடுத்தது துளை. பைப்பில் உயிர்நாடியே அதுதான். கழுத்து வழியாகச் சரிவாக இறங்கும் துளை, புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் அடித்தளத்தை ஒட்டி, நடுவில் திறக்க வேண்டும். அப்போதுதான் புகையிலை அடிவரை ஒரே சீராக எரியும். உங்கள் பைப்பில் டார்ச் அடித்து வெர்னியரில் அளந்தேன். அடித்தளத்திலிருந்து 5 மி.மீ. மேலே, இடப்பக்கம் 2 மி.மீ. தள்ளித் திறக்கிறது. ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, முதன்முதலாகப் பற்ற வைத்தேன். அடியில் கால்வாசிப் புகையிலை எரியாமல் ஈரச் சக்கையாகத் தங்கிவிட்டது; இழுக்கும்போதெல்லாம் ஹூக்கா மாதிரி களகளவென்று சத்தம். சுத்தம் செய்யப் பஞ்சுக் கம்பியை விட்டால் மூட்டிலேயே முட்டி நிற்கிறது. அந்த மூட்டில் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைகிறது.

மரத்தைப் பற்றி நியாயமாகவே பேசுகிறேன். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்மரத்தின் வேருக்கும் தண்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் திரளும் முண்டு. அது முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்து, சாறு போனபின் மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். கல்லுமண்ணில் வளர்வதால் உள்ளே பொடிக் குழிகள் இருக்கத்தான் செய்யும். விலை உயர்ந்த பைப்பிலும் இருக்கும். பிரான்சில் சான்-குளோத் ஊர்க்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த மரத்தில்தான் பைப் செய்கிறார்கள், அவர்களுக்கும் குழி வராமல் இல்லை. குழி தெரிந்தால் சிலர் மேற்பரப்பையே சொரசொரப்பாகச் செதுக்கிவிடுவார்கள், சிலர் விலையைக் குறைத்து விற்பார்கள். குழிக்காக நான் புகார் செய்யவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் செஞ்சாயம் கழன்று வந்தது. அடியில் அம்மைத் தழும்பு மாதிரி பதினோரு இடத்தில் குழியை அடைத்துப் பூசிய வெளிறிய மக்கு. அதை மறைக்கத்தான் மேலே தடிமனாக வார்னிஷ் பூசியிருக்கிறது. முதல் சூட்டிலேயே அதுவும் கொப்பளித்துவிட்டது. நீங்களோ 'மக்கு வைக்காத முதல் தர மரம்' என்று எழுதி விற்றீர்கள்.

ஜூன் 2ஆம் தேதி படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. 9ஆம் தேதி போன் செய்தபோது பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஹேண்ட்மேடுன்னா சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும் சார். யூஸ் பண்ணதால ரிட்டர்ன் எடுக்க முடியாது சார்" என்றார். பற்ற வைக்காமல் களகளச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்டேன், மேலதிகாரியிடம் சொல்வதாகச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் பம்பரம் கடைந்து கொடுப்பவர்கள் இருந்தார்கள். அதுவும் கைவேலைதான். ஆணி அரை நூல் தள்ளி இறங்கினால் பம்பரம் தூங்காது. பையன்கள் அன்று சாயங்காலமே கொண்டுவந்து நீட்டுவார்கள். கைவேலை, அப்படித்தான் இருக்கும் என்று எந்தக் கடைசல்காரரும் சொன்னதில்லை. வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுப்பார்.

மின்வணிக விதிகள் 2020இன்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்றாவது சொல்லியிருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த ஒரு மாதம் ஜூலை 2ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் ரூ.8,750 முழுவதும் என் கணக்குக்கு வர வேண்டும். மாற்றுப் பைப் வேண்டாம். அந்த விளம்பரத்தில் 'எபோனைட்', 'மக்கு வைக்காத' என்ற சொற்களை எடுத்துவிட்டு, எந்த நாட்டில் செய்தது என்பதையும் போடுங்கள். பெட்டியில் தேடினேன், எங்கும் இல்லை. பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது.

பைப், பெட்டி, வெல்வெட் பை, ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கூரியர் பையனைக் காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள். மாங்காய் சீசன், அதற்கு மேல் மண்டி லாரிகள் நின்றுவிட்டால் எங்கள் தெருவுக்குள் வண்டி வராது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், அளவுகளுடன் ஏழு படங்கள். மூன்றாவது படத்தில் பார்ட்டிங் லைன் தெளிவாகத் தெரியும்.