போர்வைக்குள் இருந்த சிலிண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் பெங்களூரு பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அல்சூரில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரின் மகள், கல்லூரி மாணவர்களுக்கான ஸ்டார்ட்அப் போட்டியில் தோழிகள் இரண்டு பேருடன் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறாள் என்று. படத்தில் கரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பவன் நான்தான். இறுதிச் சுற்றுக்கு வந்தது உண்மை. எட்டு அணிகளில் ஒன்று. மற்றதில் சில விஷயங்களைத் திருத்தியாக வேண்டும். அதுவும் வருகிற சனிக்கிழமைக்குள். அன்றைக்குத்தான் போட்டி.

ஆசிரியருக்குக் கடிதம் என்றால் பத்து வரிக்குள் முடிக்க வேண்டும் என்று தெரியும். 20 வருடமாகத் தினமும் வண்டியில் வைத்து உங்கள் பேப்பரைப் படிக்கிறவன். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படம். கரியை விட்டுவிட்டு 2021-லேயே நான் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டேன். உங்கள் நிருபர் தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார், நான் வாங்கிக் கொடுத்த டீக்குக் காசு கொடுக்க வந்தார். கூட வந்த போட்டோகிராபர் தம்பிதான் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பழைய கரிப் பெட்டி ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது. பித்தளைப் பெட்டி, ஏழு கிலோ, மூடியைப் பூட்டும் கொக்கியில் சேவல் தலை. என் மாமனார் கொடுத்தது. இப்போது அதற்கு ஆயுத பூஜை அன்று மட்டும்தான் வேலை. சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு மறுநாள் பரணில் ஏற்றிவிடுவோம். பக்கத்துக் கடைப் பையனை வீட்டுக்கு அனுப்பி அதை எடுத்து வரச் சொன்னேன். அடுத்த தெரு வண்டியிலிருந்து நாலு கங்கு வாங்கிப் போட்டு, புகை வருகிற வரைக்கும் விசிறச் சொன்னார்கள். சிலிண்டர் படத்தில் விழுகிறது என்று, தேய்க்க வந்திருந்த ஒரு வீட்டுப் போர்வையை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார்கள். அப்புறம், "கொஞ்சம் சிரிக்காம நில்லுங்கண்ணா" என்றார்.

தப்பு என்னுடையதும்தான். பேப்பரில் படம் வரப்போகிற ஆசையில் சொன்னபடியெல்லாம் நின்றேன். பிள்ளைகளின் திட்டமே இஸ்திரிக்காரர்களைக் கரியிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் உறைத்தது. ஒவ்வோர் அணிக்கும் ஆலோசனை சொல்ல ஒரு மென்டரைப் போட்டிருக்கிறார்கள். யாரோ அவருக்கு உங்கள் செய்தியைப் போனில் அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியுமே. "நாலாவது ஸ்லைடில், கரியிலிருந்து மாறியவருக்கு உன் அப்பாதான் முதல் உதாரணம், 2021 முதல் கேஸ் என்று போட்டிருக்கிறீர்கள். பேப்பரில் அவர் கரியில் தேய்க்கிறாரே, எது நிஜம்?" என்று கேட்டாராம். மகள் விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பினாரா இல்லையா தெரியவில்லை. அன்று ராத்திரி அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "ஸ்லைடு நாலுல இருக்கறதே நீங்கதாம்ப்பா."

சரி, திட்டம் என்ன என்று உங்கள் செய்தியில் ஒரு வரிதான் இருந்தது. 'இஸ்திரித் தொழிலை நவீனமாக்கும் யோசனை'. அது போதாது.

முதலில் அவர்கள் வேறு ஒன்றுதான் கொண்டுவந்தார்கள். மூன்று பெண்களும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஓர் ஆப் காட்டினார்கள். பட்டனைத் தட்டினால் இஸ்திரிக்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். நான் சொன்னேன், "எனக்கு 43 வீடு. எல்லாம் கூப்பிடு தூரம். பால்கனியில நின்னு அண்ணான்னு ஒரு குரல் குடுத்தா போறேன். இதுக்கு எதுக்கும்மா ஆப்? கரி போடறவங்க சம்பாதிக்கறதுல கால்வாசி கரிக்கே போகுது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா பாருங்க." கூட வந்த கன்னடப் பெண்ணுக்குக் கொஞ்சம் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு மாதம் ராத்திரி உட்கார்ந்து செய்த ஆப் அல்லவா.

ஆனால் மறு ஞாயிற்றுக்கிழமையே நோட்டும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். அல்சூர், ஜோகுபாளையா, மர்பி டவுன், இந்திராநகர் என்று 31 வண்டிகளைப் போய்ப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் இன்னும் கரி. ஏன் மாறவில்லை என்று கேட்டால் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் சொல்கிறார்கள். கேஸ் பெட்டி 7,000 ரூபாய்க்கு மேல். தினக்கூலி மாதிரி வாழ்கிறவனால் அதை மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. கரென்ட் பெட்டி என்றால் நடைபாதை வண்டிக்குத் தனியாக இணைப்பு வாங்குவது லேசான காரியமில்லை. கரியோ இன்றைக்கு 160 ரூபாய், நாளைக்கு 160 ரூபாய், சில்லறையாகப் போவதால் வலி தெரிவதில்லை.

இவர்கள் செய்யப்போவது இவ்வளவுதான். பெட்டியை இவர்கள் வாங்கித் தருவார்கள். இஸ்திரிக்காரர் வேலை செய்கிற நாளுக்கு 50 ரூபாய் கட்ட வேண்டும். 150 நாளில் 7,500. அப்புறம் பெட்டி அவருக்கே சொந்தம். ரப்பர் குழாய் மாற்றுவது, ஜெட் அடைப்பு எடுப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. மொத்தமாக வாங்கினால் விலை குறைகிற வித்தியாசமும், பிறகு சர்வீஸுக்கு வாங்கும் மாதம் 100 ரூபாயும்தான் இவர்கள் லாபம். பெரிய பணம் இல்லை. நடுவர் ஒருவரும் அதைத்தான் சொன்னாராம்.

இந்த ஜெட் விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. கேஸ் பெட்டிக்குள்ளே ஒரு சின்ன பர்னர் இருக்கிறது. அதற்குக் கேஸ் வருகிற ஓட்டை ஊசிமுனை அளவு. ரோட்டுத் தூசி அதில் ஒரு பொட்டு அடைத்தாலும் தீ மஞ்சளாக எரியும், பெட்டியின் அடிப்பக்கம் கறுக்கும், வெள்ளைச் சட்டையில் வைத்தால் போச்சு. காற்று பலமாக அடித்தால் தீ அணைந்துவிடும். நான் வண்டியின் ரோட்டுப் பக்கம் ஒரு தகரத்தை மடித்து அடித்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சூடு பார்ப்பதற்கு, பெட்டி மேல் தண்ணீர் தெளிப்போம். சுர்ரென்று விழுந்த இடத்திலேயே காய்ந்தால் காட்டனுக்குச் சரி, முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு ஏறிவிட்டது, கொஞ்சம் ஆற விட வேண்டும். பிள்ளைகள் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்து என்னைச் சோதித்தார்கள். நான் 'இப்ப சரி' என்று சொன்னபோது 200-க்குப் பக்கத்தில் காட்டியது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைத்தான் நீங்கள் படம் எடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு பெரிய விடுபடல், என் மனைவி. செய்தியில் அவர் பெயர் வேண்டாம், ஆள் இருப்பதாகவே இல்லை. சேலைக்கு பால்ஸ் தைக்கிறவர். 2009 முதல் வண்டியின் வரவு செலவைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வருவது அவர்தான். எத்தனை உருப்படி, கரிக்கு எவ்வளவு, பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது வரைக்கும் இருக்கிறது. கரியோடு இருந்த கடைசி மாதம் 26 நாள் வேலை, கரிக்கு மட்டும் 4,160 ரூபாய். கேஸுக்கு மாறிய பிறகு 5 கிலோ சிலிண்டர் ஒன்று 15 நாள் வருகிறது. விலை மாதத்துக்கு மாதம் மாறினாலும் இரண்டு சிலிண்டர் 1,300-ஐத் தாண்டியது அபூர்வம். (வீட்டுச் சிலிண்டரை வண்டியில் வைக்கக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் அடையாள அட்டை காட்டினால் கிடைக்கிற சின்ன சிலிண்டர்தான் வாங்க வேண்டும், 2013-லிருந்து விற்கிறார்கள்.) காலையில் கரியைப் பற்றவைக்க விசிறிக்கொண்டு நின்ற முக்கால் மணி நேரமும், மத்தியானம் வருகிற தலைவலியும் நோட்டில் இல்லை. இருந்தாலும் அந்த நோட்டின் எட்டு பக்கங்களைப் போட்டோ எடுத்துத்தான் பிள்ளைகள் ஸ்லைடில் வைத்தார்கள். மற்ற அணிகள் 'இவ்வளவு மிச்சமாகும் என்று எதிர்பார்க்கிறோம்' என்றார்கள். இவர்கள் 'இவ்வளவு மிச்சமானது' என்றார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்ததற்குக் காரணம் அந்த நோட்டு என்பது என் கருத்து. மகள் ஒப்புக்கொள்ளமாட்டாள், பேசிய விதம் என்பாள்.

அரையிறுதிக்கு நானும் போயிருந்தேன், கடைசி வரிசையில். முதல் கேள்வி, நடைபாதை வியாபாரிகளுக்கு மத்திய அரசின் ஸ்வநிதி கடன் இருக்கிறதே, நீங்கள் எதற்கு என்று. நியாயமான கேள்வி. நானே 2021-ல் அந்த 10,000 ரூபாய் வாங்கித்தான் என் பெட்டியை வாங்கினேன், 12 தவணையில் கட்டி முடித்தேன். மகள் சொன்ன பதில்: "பணமாக வந்தால் பள்ளிக்கூட பீஸ் தின்றுவிடும் சார். பெட்டியாக வந்தால் பெட்டியாகவே இருக்கும்." அடுத்த கேள்வி, எங்கள் திருவண்ணாமலை ஊர்ப்பிள்ளை வினிஷா உமாசங்கரின் சூரிய ஒளி இஸ்திரி வண்டியைப் பற்றி. 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அந்தப் பெண் பேசியதை நானும் வெட்டி வைத்திருக்கிறேன், உங்கள் பேப்பரிலிருந்துதான். நான் போளூர்க்காரன், விடுவேனா. மகளும் அந்த வண்டியைக் குறை சொல்லவில்லை. நாங்கள் நிற்பதே மர நிழலுக்காக, நிழலில் சூரியத் தகடு என்ன செய்யும், எங்களால் இப்போது ஆகிற படி இதுதான் என்றாள்.

மூன்றாவது கேள்விதான் என்னிடம் வந்தது. தினம் 50 ரூபாய் கட்டாமல் பெட்டியோடு ஓடிவிட்டால்? நடுவர் இங்கிலீஷில் கேட்டார், பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். நான் எழுந்து, "எல்லிகெ ஹோக்தானே சார், அதே மரத கெளகே இர்தானே" என்றேன். எங்கே போய்விடுவான், அதே மரத்தடியில்தான் இருப்பான். வாடிக்கை வீட்டை விட்டு ஓடுகிற இஸ்திரிக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. அரங்கமே சிரித்தது. அதுவும் உங்கள் செய்தியில் இல்லை.

செய்தியில் வந்த மிச்சத் தப்புகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடிசையில் இல்லை, ஒரு ரூம், ஹால், சமையல்கட்டு, லீசுக்கு எடுத்த வீடு. நான் 'படிக்காத தந்தை' இல்லை, பத்தாவது பாஸ். மகள் தெருவிளக்கில் படிக்கவில்லை, எங்கள் வீட்டில் டியூப் லைட் இருக்கிறது. கஷ்டம் இல்லையா என்றால் இருக்கிறது. லீசுப் பணம் இன்னும் மைத்துனரிடம் வாங்கிய கடன்தான். அது போட்டியோடு சம்பந்தப்பட்டதில்லை.

ஆகவே திருத்தம் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். முடிந்தால் கேஸ் பெட்டியோடு ஒரு படம். போட்டோகிராபர் தம்பி எப்போது வேண்டுமானாலும் வரலாம், டீ என் செலவு, இந்தத் தடவை சிலிண்டரை மூட வேண்டாம். பெயர் போட வேண்டாம் என்று மகள் சொல்கிறாள், வண்டி இருக்கிற இடத்தைப் போட்டால் போதும் என்கிறாள்.

கூடவே, இடமிருந்தால், இதையும் சேர்த்துப் போடுங்கள். சனிக்கிழமை வண்டி கிடையாது. எங்கள் தெருவில் நாலு வீட்டில் உங்கள் பேப்பர் வாங்குகிறார்கள், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள் துணியை வாங்கிக்கொள்ளவும். பச்சைக் கட்டம் போட்ட போர்வை யாருடையதோ அவர்களும் வந்து வாங்கிக்கொள்ளலாம். மறுபடி துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
இஸ்திரிக்காரர்,
அல்சூர், பெங்களூரு-8