பேப்பர் போடாதே

அன்பு மகளுக்கு,

எச்ஆர் உன்னைத் தனியாக உட்காரவைத்து, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லபடியா தர்றோம்" என்றதாகச் சொன்னாய். உன்னையே ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள். போடாதே. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று ஒரு வரி உன் மெயிலிலிருந்து போய்விட்டால், திருநங்கை என்பதால் தள்ளினார்கள் என்று நாளைக்கு எங்கே போய்ச் சொன்னாலும் அவர்கள் முதலில் நீட்டப்போவது அந்த வரியைத்தான். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவர்கள் ஏற்குமுன் இன்று ராத்திரியே திரும்பப் பெறுவதாக எழுது.

வாயால் நடந்ததை அன்றைக்கே எழுத்தாக்கிவிடு. "இன்று மாலை 4 மணிப் பேச்சில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விருப்பமில்லை. காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அவர்கள் பதில் போடாமல் விட்டால் அதுவும் உனக்குத்தான் நல்லது.

திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 9-ஆம் பிரிவு, வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் வேலை சார்ந்த வேறெதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. 11-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அதிகாரியை நியமிக்க வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்க் குழு அமைக்கக் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும் என்று கணக்கு இருக்கிறதே, அப்படி இதற்கு எதுவும் கிடையாது. இந்தச் சட்டத்துக்கான 2020 விதிகளின்படி புகார் வந்த 15 நாளில் அந்த அதிகாரி விசாரிக்க வேண்டும். அவர் அறிக்கை வந்தபின் நடவடிக்கை எடுக்க நிறுவனத் தலைமைக்கு 15 நாள். அதனால் எச்ஆருக்கு அனுப்பும் முதல் மெயிலிலேயே, "11-ஆம் பிரிவின்படி உங்கள் புகார் அதிகாரி யார்? சமவாய்ப்புக் கொள்கையின் நகல் தேவை" என்று கேள். பல இடங்களில் அப்படி ஒருவரே இருக்கமாட்டார். அதுவே உனக்கு ஒரு பிடி.

புகாரில் 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்று எழுதினால் நிற்காது. தேதி, என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள், உன் நிலையில் உள்ள மற்றவருக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுது. பெயர் மாற்றத்தைத் தெரிவித்த தேதி, கிளையன்ட் கூட்டங்களிலிருந்து எடுக்கப்பட்ட தேதி, அதற்கு முந்தைய வேலை மதிப்பீடு, பிந்தைய மதிப்பீடு, நான்கையும் அடுத்தடுத்து வை. பேட்ஜில் பழைய பெயர் இன்னும் இருந்தால், மாற்றச் சொல்லிப் போட்ட கோரிக்கையின் டிக்கெட் எண்ணையும் சேர். நீ பெயர் மாற்றத்தைச் சொன்னதற்கும் அவர்கள் உன்னை ஒதுக்கியதற்கும் நடுவே உள்ள குறுகலான இடைவெளிதான் இங்கே சாட்சி பேசும்.

வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட்டோடு விடாதே. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வை, அந்தப் போனை மாற்றாதே. மின்னணுச் சான்றைக் கோர்ட்டில் வைக்க, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டியிருக்கும். கம்பெனி ஃபைல்களை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதே. ரகசியத்தை மீறினாய் என்று அதையே காரணமாக்கிப் பணிநீக்கம் செய்துவிடுவார்கள். இதில் மாட்டியவர்கள் அதிகம்.

சட்டத்தின் ஓட்டையையும் தெரிந்துகொள். 9-ஆம் பிரிவை மீறினால் இன்ன தண்டனை என்று தனியாக எதுவும் எழுதவில்லை. 18-ஆம் பிரிவின் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான சிறை, வசைபாடுவது, மனத்தை வதைப்பது, உடலுக்குத் தீங்கு செய்வது போன்றவற்றுக்கு. யாராவது கேவலமாகப் பேசியிருந்தால் வார்த்தை மாறாமல் எழுதிவை. அது போலீஸுக்குத் தனிப் புகார். அரசு அலுவலகமாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது நேர்வழி. தனியார் கம்பெனி மேல் அது அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் 2025 அக்டோபர் 17-ஆம் தேதித் தீர்ப்பில், வேலை கொடுத்துவிட்டு அடையாளம் தெரிந்ததும் சேரவிடாத குஜராத் பள்ளி ஒன்று அந்த ஆசிரியைக்கு 50,000 ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் பள்ளிதான் அது. தொகை சின்னது, ஆனால் உன் வக்கீல் கையில் இந்தத் தீர்ப்பு இருக்க வேண்டும்.

புகாரின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

அப்பா