கருமருந்து ரிவால்வர்கள்: மைய அச்சில் உள்ள குறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வகை வெடிமருந்தான கருமருந்தால் சுடும் ரிவால்வர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, இத்தாலியின் கார்தோனே வால் ட்ரோம்பியாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இன்று தயாராகும் ரிவால்வர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளின் அப்படியே வார்த்தெடுத்த நகல்கள் என்று குறிப்பிட்டிருந்தது. வெளித்தோற்றத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும், உள்ளமைப்புக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் செய்த 1851ஆம் ஆண்டின் நேவி மாதிரியில், மருந்தும் குண்டும் இட்டுச் சுழலும் உருளையான சிலிண்டருக்கு மேலே இரும்புப் பட்டை எதுவும் கிடையாது. சட்டகத்திலிருந்து நீளும் மைய அச்சில் சிலிண்டர் சுழல்கிறது. அந்த அச்சின் முனை குழலின் அடிப்பகுதியிலுள்ள துளைக்குள் நுழைய, இரண்டையும் ஊடுருவிச் செல்லும் சிறிய எஃகு ஆப்பு ஒன்றுதான் குழலைச் சட்டகத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. பழைய கோல்ட்டில் அச்சின் முனை துளையின் அடியில் போய் முட்டி நிற்கும். ஆகவே ஆப்பை எவ்வளவு இறுக்கினாலும் குழல் ஓரிடத்தைத் தாண்டிப் பின்னே வராது. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியும் மாறாது. இக்காலத் தயாரிப்புகள் பலவற்றில் இந்த அச்சு சற்றே குட்டையாக அமைந்துவிடுகிறது. நான் பிரித்துப் பார்த்த ஒன்றில், ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்தியபோது சிலிண்டர் தாராளமாகச் சுழன்றது; மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் இறுகி நின்றுவிட்டது. எஃகு வில்லை ஒன்றைத் தேவையான கனத்துக்குத் தேய்த்துத் துளையின் அடியில் இட்ட பிறகே அது சரியானது. தீர்க்க முடியாத குறை அன்று. ஆனால் வாங்குபவர் கைக்கு வருவதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டிய குறை.

அடுத்து, கட்டுரையில் படத்துடன் பாராட்டப்பட்ட பித்தளைச் சட்டகம் கொண்ட 44 காலிபர் (காலிபர் என்பது குழல்விட்ட அளவு) ‘நேவி’. கோல்ட் தொழிற்சாலை அப்படியொரு மாதிரியை அந்நாளில் செய்து விற்றதே இல்லை. அசல் நேவி 36 காலிபர். அதன் சட்டகம் இரும்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் நிறுவனம் செம்புக் கலப்பு உலோகத்தில் சட்டகம் வார்த்தது உண்மையே. ஆனால் அதுவும் 36 காலிபர்தான். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகப் பித்தளையில் 44 காலிபரை வாங்கி, கனத்த மருந்தளவில் தொடர்ந்து சுடுபவர்கள், சிலிண்டரின் பின்பற்கள் சட்டகத்தில் தடம் பதிப்பதை நாளடைவில் பார்ப்பார்கள்.

கோல்ட்டின் போட்டி நிறுவனமான ரெமிங்டனின் மாதிரியில் மேற்பட்டையோடு சட்டகம் ஒரே துண்டாக இருப்பதால் ஆப்புத் தொல்லை இல்லை. ஆனால் அதன் மெல்லிய அச்சில் கரி படிந்து சிலிண்டர் விரைவில் இறுகும். 1972 முதல் 2008 வரை அமெரிக்காவில் வெளிவந்த ரூகர் ஓல்டு ஆர்மியோ எந்தப் பழைய துப்பாக்கிக்கும் நகல் அன்று. தட்டையான ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங்கோடு புதிதாகவே வடிவமைக்கப்பட்டது. அதைக் கட்டுரை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது எனக்கு வருத்தமே.

பித்தளைத் துப்பாக்கிப் படத்தின் கீழ் அச்சாகியிருந்த ‘1851இன் அசல் வடிவம்’ என்ற குறிப்பையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்